கொரிய ஆய்வுக் கட்டுரையில் செயப்பாட்டு வினை: சிவப்புக் கோடு விழும் இடங்கள்

தரவு சரி, பகுப்பாய்வு சரி, நடை மட்டும் சரியில்லை என்று 'திருத்தியபின் மறுமதிப்பீடு' முடிவோடு கட்டுரை திரும்பி வந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். வாக்கியத்தை முடிக்கும் 'தா' எல்லாம் டோபிக் (கொரிய மொழித் திறன் தேர்வு) 54ஆம் கேள்வியான கட்டுரையிலேயே பழகியது. 'நான்' போய் 'போன் யொன்கு' (இந்த ஆய்வு) வருவதும் கஷ்டமில்லை. மாட்டிக்கொள்வது வினைமுற்றில்தான்.

கட்டுரையை மதிப்பிடும் நடுவரின் முதல் சிவப்புக் கோடு 'போயொஜிதா'வுக்கு. 'போஇதா' என்றாலே 'தென்படு'. அந்த 'இ'யே செயப்பாட்டு விகுதி. அதன்மேல் இன்னொரு செயப்பாட்டு விகுதியான 'ஒஜிதா'வையும் ஏற்றினால், தமிழில் 'தென்படப்படுகிறது' என்று எழுதிய கதை. கொரியர்களே பேச்சில் தாராளமாகச் சொல்வார்கள்; அதை நடுவரிடம் வாதாடிப் பயனில்லை.

அதற்காகக் கோப்பில் தேடி எல்லா 'ஒஜிதா'வையும் ஒரே அடியாக வெட்டிவிடாதீர்கள். 'அல்லியொஜிதா' (அறியப்படு), 'பால்க்யொஜிதா' (தெரியவரு) இரண்டும் பார்க்க இரட்டைச் செயப்பாடு போலிருக்கும். ஆனால் அங்கே இருக்கும் 'ரி', 'ஹி' பிறவினை விகுதிகள். அவை சரியான வடிவங்களே. வெட்டினால் 'அறியப்பட்டது' என்பது 'அறிவித்தது' என்றாகிவிடும். யார் அறிவித்தார் என்று அடுத்த கேள்வி வரும்.

'எ உய்ஹே' (ஆல்) அடுத்த தொல்லை. 'முந்தைய ஆய்வாளர்களால் முன்வைக்கப்பட்ட கோட்பாடு' என்பது மொழிபெயர்ப்பு வாடை. 'ஆய்வாளர்கள் முன்வைத்த கோட்பாடு' என்று செய்வினையில் எழுதினால் முடிந்தது.

அதிகம் அடிபடுவது 'செங்காக்துவென்தா', அதாவது 'கருதப்படுகிறது'. கருதுவது நீங்களா, முன்னோடிகளா? அட்டவணையில் இருப்பதைச் சொல்ல 'நாத்தானாத்தா' (என்று காணப்பட்டது), உங்கள் விளக்கத்துக்கு 'போஇந்தா' (எனத் தோன்றுகிறது) அல்லது 'ஹல் சு இத்தா' (எனலாம்), நோக்கத்துக்கு 'கோஜா ஹன்தா' (செய்ய முனைகிறது) என்று பிரித்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. 'கொத் கத்தா' (போலிருக்கிறது) பேச்சுநடை, வேண்டாம். 'கருதப்படுகிறது' என்பதற்கே பழைய கட்டுரைகளில் பார்த்த 'சார்யோதுவென்தா'வை ஆசையாக எடுத்துப் போட்டால் அரசாங்கக் கடிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். தயக்கச் சொல் வாக்கியத்துக்கு ஒன்று போதும்: 'இருக்கக்கூடும் எனக் கருதலாம் எனத் தோன்றுகிறது' எந்த மொழியிலும் தாங்காது.

முடிவுகள் பகுதியில் 'நாத்தானாத்தா' பத்து முறை வந்தாலும் கூச்சப்பட வேண்டாம். அலுப்புக்காக 'துரொனாத்தா' என்று மாற்றினால் மறைந்திருந்தது அம்பலமானது என்ற தொனி ஏறும். 'ஹ்வாகின்துவெஒத்தா' போட்டால் சரிபார்த்து உறுதிசெய்தது போலாகும். வெறும் சராசரி வித்தியாசத்துக்கு இரண்டுமே அதிகம்.