தேதியை நம்பாத இலக்குகள்

ஜனவரி முதல் தேதியில் இலக்குகளை எழுதிவைக்கும் வழக்கம் என் பிழைப்புக்கு ஒத்துவருவதில்லை. கம்பத்தில் குடியிருந்துகொண்டு, கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு சிறிய ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஜனவரி என்பது காய் எடுப்பு முடிவை நெருங்குகிற காலம். அப்போது மனம் முடிகிற பருவத்தின் வரவு செலவில் கிடக்குமே தவிர, புதிய தீர்மானங்களில் தங்காது.

தொகையை இலக்காக வைப்பதும் எங்கள் தொழிலில் வீண். 2019 ஆகஸ்டில் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இரண்டு விலைக்கும் தோட்டத்தில் பட்ட பாடு ஒன்றுதான்.

நிர்வாகப் பயிற்சிகளில் இன்றும் சொல்லித்தரப்படும், இலக்குக்குத் தெளிவும் அளவும் கெடுவும் வைக்கச் சொல்லும் 'ஸ்மார்ட்' முறையை ஜார்ஜ் டோரன் 1981இல் எழுதியபோது, அதன் ஐந்து கூறுகளில் ஒன்று வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதாக இருந்தது. ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேலாளர்களுக்காக வகுக்கப்பட்டதைத் தனி மனிதர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு, கெடு தவறியதும் தங்களையே நொந்துகொள்வது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

எனக்குக் கைகொடுப்பது ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதிய வழி: இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது. 'மே மாதத்துக்குள் மருந்தடிப்பு' என்று நான் எழுதுவதில்லை. 'கோடை மழை ஓய்ந்து இலை காய்ந்திருக்கும் முதல் காலையில் போர்டோ கலவை' என்று, பூஞ்சண நோய்க்கு அடிக்கும் அந்த மருந்தைக் குறித்து எழுதுகிறேன். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அழுகல் நோய் காய்ச் சரத்தில் இறங்கிவிடும் என்பதால், அந்தக் காலையைத் தவறவிடக் கூடாது. ஒரு கிலோ மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) ஐம்பது லிட்டர் தண்ணீரிலும் ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு ஐம்பது லிட்டரிலும் தனித்தனியே கரைத்துச் சேர்த்தபின், இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். அலகில் சிவப்பாகச் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அன்று காலை அவ்வளவுதான் என் இலக்கு. மகசூல் என்ற சொல்லே அதில் வராது.

கடினமான, தெளிவான இலக்கே நல்ல பலன் தரும் என்று உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேத்தமும் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வேலையே புதிதாகவும் சிக்கலாகவும் இருக்கும்போது, விளைவை விடக் கற்றுக்கொள்வதையே இலக்காக வைப்பது நல்லது என்றும் அதே ஆய்வுத் துறை சொல்கிறது. தண்டுத் துளைப்பான் புழு தாக்கிய தட்டையை (ஏலச்செடியின் தண்டை) நடுக்குருத்து காய்ந்த பிறகு நான் கண்டுபிடிக்கிறேன். எங்களிடம் காய் எடுக்க ஜீப்பில் வரும் அக்கா ஒருவர், தண்டின் ஓட்டையில் துருவல் தள்ளியிருப்பதை நடக்கிற நடையிலேயே பார்த்துவிடுகிறார். ஆகவே இந்தப் பருவம் ஒவ்வொரு எடுப்பின்போதும் ஒரு வரிசை முழுக்க அவர் பின்னால் நடப்பது என்று எழுதியிருக்கிறேன்.

என் நோட்டில் தொகையாக இருப்பது ஒன்றே ஒன்று: முதல் எடுப்புக் காய் விற்றுப் பணம் கைக்கு வரும்வரை கூலி நிற்காமல் கொடுக்கத் தேவையான பணம். அதைச் சேர்த்துவைப்பது முழுக்க என் கட்டுப்பாட்டில் இருப்பதால் அதற்கு மட்டும் கெடு வைத்திருக்கிறேன், ஜூன் முதல் வாரம்.