43 பழைய ரீசார்ஜ் கார்டுகளும் ஒரு 7-உம்

மேசை டிராயரைச் சுத்தம் செய்தபோது பழைய ரீசார்ஜ் கார்டுகள் ஒரு கட்டாகக் கிடைத்தன. எல்லாம் எப்போதோ சுரண்டிப் பயன்படுத்தியவை. தூக்கிப் போட மனம் வரவில்லை. சுரண்டினால் தெரியும் இந்த 16 இலக்க ரகசிய எண்களில் ஏதாவது ஒழுங்கு ஒளிந்திருக்குமா என்று பார்க்கத் தோன்றியது. மொத்தம் 43 கார்டுகள், 688 இலக்கங்கள். முதல் மாலை முழுக்க எக்செல்லில் தட்டச்சு செய்வதிலேயே போயிற்று.

ஒவ்வொரு இலக்கமும் சராசரியாக 68.8 தடவை வர வேண்டும். 8 வந்தது 59 தடவை, 4 வந்தது 61. 7 மட்டும் 86! அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றே சொல்லலாம்.

மறுநாள் கை-வர்க்கச் சோதனை (chi-square) போட்டேன். எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து வந்த எண்ணிக்கை விலகுவது வெறும் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு அது. விடை 7.35. பத்து இலக்கங்களுக்கு இது தற்செயலாக 16.92-ஐத் தாண்ட 5 சதவீத வாய்ப்புதான், அதனால் அதைத் தாண்டினால்தான் சந்தேகப்படலாம். 7-ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் 86 பெரிதாகத் தெரிகிறது, ஆனால் பத்தில் எது துருத்திக்கொண்டு நின்றாலும் நான் அதைத்தான் பிடித்திருப்பேன். அம்பு விட்ட இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்த கதைதான்.

சரி, லூன் சோதனையையாவது பார்ப்போம் என்று அடுத்ததாக அதில் இறங்கினேன். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வழி அது, எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால் காட்டிக்கொடுக்கும். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒரு இலக்கத்தை இரட்டிக்க வேண்டும். 9-ஐத் தாண்டினால் 9 கழிக்க வேண்டும். கூட்டுத்தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. என் போனில் *#06# அழுத்தி வந்த ஐஎம்இஐ எண்ணில் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்) போட்டேன், சுத்தமாகப் பொருந்தியது. கார்டுகளில் தேறியது 43-இல் 5. கண்ணை மூடிக்கொண்டு எழுதிய எண்களிலும் பத்தில் ஒன்று தேறும் என்பதால் இதுவும் வெறும் தற்செயல்தான்.

அடுத்தடுத்த சீரியல் எண் கொண்ட இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்றின் ரகசிய எண் 3082 என்று தொடங்கியது, மற்றது 9417 என்று. சீரியலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யோசித்தால் இருக்கவும் வேண்டியதில்லை. மதிப்பு, காலாவதி எல்லாம் நிறுவனத்தின் கணினியில் கிடக்கின்றன, கார்டில் இருப்பது அந்தப் பதிவைத் திறக்கும் சாவி மட்டும்தான். செல்லுபடியாகும் எண்கள் பத்து லட்சம் இருந்தால்கூட, குத்துமதிப்பாகப் போடும் எண் பலிக்க ஆயிரம் கோடியில் ஒரு வாய்ப்பு.

பக்கத்து இலக்கங்கள் ஒரே மாதிரி வருவதும் (44, 00 போல) முதலில் என்னை ஏமாற்றியது. 33 கார்டுகளில் அப்படி இருந்தது. கணக்குப் போட்டால், 16 இலக்கத்தில் ஒரு தடவையாவது அப்படி வர 79 சதவீத வாய்ப்பு உண்டு. 43-க்கு 34 வர வேண்டும்.

அப்புறம் அந்த 7 மனசை விடவில்லை. பூதக்கண்ணாடியோடு எல்லா 7-களையும் திரும்பப் பார்த்தேன். நான்கு இடங்களில் அது 1. சுரண்டியபோது ஒட்டிக்கொண்ட வெள்ளித்துகள் 1-இன் தலையில் கோடு போட்டிருந்தது. திருத்திய பிறகு 7 வந்தது 82 தடவை, சோதனை விடை 5.26.

இனி சீரியல் எண்ணின் கடைசி இலக்கம். அதில் லூன் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம், இந்த முறை பூதக்கண்ணாடியோடுதான் தட்டச்சு.