மலை வீட்டுக்குப் புது பாய்லர்: கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டியவை

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குளியலறையை ஒட்டி ஒரு செம்பு பாய்லர் நிற்கும். அடியில் விறகு, நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர். அது ஓட்டை விழுந்து கைவிட்டதும் கடையில் போய்க் கேட்டால், கோவையில் எது விற்கிறதோ அதையே இங்கேயும் எடுத்துத் தருகிறார்கள். மலையில் அது ஏன் சரிப்படுவதில்லை என்பதற்கு மூன்று அளவுகள் போதும்: குழாய்த் தண்ணீரின் சூடு, அதன் அழுத்தம், மின்சாரத்தின் வோல்டேஜ். இந்த மூன்றையும் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

முதலில் சூடு. ஜனவரியில் காலை ஆறு மணிக்கு ஊட்டி வட்டாரத்தில் டேங்கில் இருக்கும் தண்ணீர் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளித் தண்ணீர் 40 டிகிரியில் வேண்டுமென்றால், 60 டிகிரி வெந்நீர் ஏறக்குறைய 12 லிட்டர் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரே 27 டிகிரி இருக்கும் சமவெளியில் அதே வாளிக்கு 8 லிட்டர் போதும். ஆகவே 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் இங்கே இரண்டு வாளிதான் தரும். ஆளுக்கு இரண்டு வாளி, வீட்டில் நான்கு பேர் என்றால் 95 லிட்டர் வெந்நீர். வாளிக்கு 0.65 யூனிட் வீதம் ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாத பில்லில் வெந்நீருக்கு மட்டும் 300 யூனிட்டைத் தாண்டும். மொத்தம் 500 யூனிட்டைக் கடந்தால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 3 கிலோவாட் காயில், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும் தண்ணீரை 21 டிகிரிதான் உயர்த்தும். 12 உடன் 21 சேர்த்தால் 33. உடம்புச் சூட்டைவிடக் குறைவு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வேண்டுமானால் மாட்டலாம், குளிக்க வேண்டாம்.

அடுத்தது வோல்டேஜ். எல்லா வீட்டிலும் கீசர் ஓடும் காலை ஆறரை மணிக்கு, கீசரைப் போட்டுவிட்டு அதே லைனில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 25 லிட்டரை 12 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 42 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அதே கீசர் 1.2 கிலோவாட்தான் இழுக்கும், 70 நிமிடம் ஆகிவிடும். கீசர் சரியில்லை என்று சொல்லி மாற்றும் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி இதுதான். பழைய வீட்டு ஒயரிங்கில் விளக்குக்குப் போட்ட மெல்லிய ஒயரிலிருந்தே கீசருக்கும் இழுத்திருப்பார்கள். வீட்டுக்குள்ளேயே வோல்டேஜ் செத்துப்போகும், ஒயரும் சூடாகும். மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும். 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மி.மீ., 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். இதில் எதையும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளாதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிற சாமான் இது.

மூன்றாவது அழுத்தம். மலையில் இதைத்தான் அதிகம் கவனிக்கத் தவறுகிறார்கள். வீட்டின் மேட்டுப் பக்கம் டேங்க் வைத்து, சரிவிலேயே குழாய் இறக்கியிருப்பார்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் கணக்கு. டேங்க் 30 மீட்டர் மேலே இருந்தால் வீட்டுக் குழாயில் 3 பார். நல்ல ஸ்டோரேஜ் கீசரின் தகட்டில் 8 பார் வரை தாங்கும் என்று போட்டிருக்கும், கவலையில்லை. விறகு பாய்லர் அப்படியல்ல. அது திறந்த பாத்திரம், அழுத்தம் தாங்கச் செய்தது இல்லை. அதை நேரடியாக மேட்டு டேங்க் லைனில் பூட்டினால் அடித்தட்டு உப்பும், நடுக்குழாய் உள்ளே நசுங்கும். சுடும் நேரத்தில் வெடித்தால் பக்கத்தில் நிற்பவரின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சரியான வழி: பாய்லருக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலே 50 லிட்டர் சின்ன டேங்க், அதில் மிதவை வால்வு, அங்கிருந்து பாய்லரின் அடிக்குக் குழாய். பாய்லரின் உச்சியிலிருந்து ஒரு ஆவிக்குழாய் கிளம்பி, சின்ன டேங்கின் நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே போய் வளைய வேண்டும். அந்தக் குழாயில் வால்வு, மூடி, துணி எதுவும் கூடாது.

சில வீடுகளில் நேர்மாறான பிரச்சினை. டேங்க் கூரைக்கு அடியிலேயே இருக்கும், ஷவருக்கு 0.2 பார்கூட வராது. கேஸ் கீசர்களில் பல அந்த அழுத்தத்தில் பற்றவே பற்றாது.

கேஸ் கீசர் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பர்னருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும், எரிவு அரைகுறையாகும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். கார்பன் மோனாக்சைடு சேர எல்லாமே தோதாக அமைந்துவிடுகிறது. அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், பிறகு எழுந்திருக்கவே முடியாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும் வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் வெளிச்சுவரில், மழை படாத திறந்த தாழ்வாரத்தில் வைத்து வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். சுடர் நீலமாக நிற்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அட்டையில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்பது பெரும்பாலும் 25 டிகிரி உயர்வுக்கான கணக்கு. இங்கே 28 டிகிரியாவது உயர வேண்டும், காற்றும் மெலிவு. நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கீழேதான் எதிர்பார்க்கலாம். உறைபனி விழும் காலையில் வெளியே இருக்கும் சிலிண்டரில் பியூட்டேன் ஆவியாகத் திணறும், சுடர் குன்றும்.

சோலார் நீலகிரிக்கு உதவாது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. உறைபனி விழும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான நாட்களில்தான் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். வெந்நீர் அதிகம் தேவைப்படும் அந்தக் காலத்தில் சோலார் நன்றாகவே வேலை செய்யும். கைவிடுவது மழைக்காலத்தில்: ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர், கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர். அந்த மாதங்களுக்கு வேறொன்று இருக்கிறது என்றால் தைரியமாகப் போடலாம். செம்புக் குழாய் ஓடும் தட்டை வகையில் உறைபனி இரவில் தண்ணீர் கட்டியாகி குழாய் வெடிக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையே இங்கே சரி. தெற்குப் பார்த்து 20, 25 டிகிரி சாய்வு. 200 லிட்டர் சோலார் தண்ணீரோடு 250 கிலோவைத் தாண்டும்; மங்களூர் ஓட்டுக் கூரையின் ரீப்பர் அதைத் தாங்காது. தனி ஸ்டாண்ட் போடுங்கள். தரையில் வைத்தால் காட்டெருமை உரசாதபடி வேலி, குரங்குகளுக்காகக் கம்பி வலை.

ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் சாதனம்) மின்சாரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் காற்று 5 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வெளிக்காயிலில் பனி படியும், உருக்கிக்கொள்ளவே நேரமும் மின்சாரமும் செலவாகும். பத்து பேர் இருக்கும் வீட்டுக்கோ விருந்தினர் விடுதிக்கோ யோசிக்கலாம்.

என் தேர்வு இது: குளியலறைக்கு ஒன்றாக 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், கூடவே புதிதாக ஒரு விறகு பாய்லர். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் இரண்டு மூன்று நாள் இல்லாமல் போகும் ஊரில் விறகு பாய்லரைத் தூக்கிப் போடுவது அறிவல்ல. பழையதை மாற்ற வேண்டுமா, பற்றுவைத்தால் போதுமா என்று முதலில் பாருங்கள். மேல்மூட்டில் கசிவு என்றால் பித்தளைப் பற்று வைத்தால் போதும். ஈயப் பற்று வைத்தால், தண்ணீர் வற்றிய ஒரு நாளில் உருகி வழிந்துவிடும். நெருப்பு படும் இடத்தில் நடுக்குழாய் ஊசித்துளைகளாக அரித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய செம்பை எடைக்குப் போட்டுப் புதியதில் கழித்துக்கொள்ளலாம்.

புதியது வாங்கும்போது தகட்டின் கேஜ் கேளுங்கள். 20 கேஜ் 0.9 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ.; எண் குறையக் குறையக் கனம் கூடும். நடுக்குழாய்க்கு 18 வேண்டும். செம்பு சீக்கிரம் சுடும், ஸ்டீல் சுடாது என்பதில் பெரிய உண்மையில்லை. இவ்வளவு மெல்லிய தகட்டில் வித்தியாசம் சொற்பம், உள்ளே படியும் புகைக்கரிதான் சூட்டைத் தடுக்கும். மாதம் ஒருமுறை புகைக்குழாயைக் கம்பித் தூரிகையால் இழுங்கள். காய்ந்த விறகு ஒரு கிலோவின் சூட்டில் பாதி தண்ணீருக்குப் போனாலே 35 லிட்டர் 60 டிகிரிக்கு வரும். ஈரமான கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) வைத்தால் அந்தச் சூடு விறகைக் காய வைக்கவே போய்விடும், மிச்சம் தாராகப் படியும். மழைக்கு முன்பே வெட்டி அடுக்குங்கள். சொந்த நிலத்து மரமானாலும் மலைப்பகுதிகளுக்கான 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்கிவிட்டுக் கோடாலி எடுங்கள்.

குழாயில் ஒரு நுணுக்கம். செம்பு பாய்லரிலிருந்து வெளியேறும் தண்ணீர் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஓடினால், கரைந்த செம்பு துத்தநாகத்தை அரித்துச் சீக்கிரம் ஓட்டையாக்கும். மலைத் தண்ணீர் மென்மையானது, சற்றே புளிப்புத் தன்மையும் கொண்டது என்பதால் இங்கே இது இன்னும் வேகம். பாய்லரிலிருந்து முதல் ஒரு மீட்டர் செம்பு அல்லது ஸ்டீல், அதற்கப்பால் சி.பி.வி.சி. (வெந்நீருக்கான பிளாஸ்டிக் குழாய்). கொதிநீர் நேரடியாகப் படும் இடத்தில் சி.பி.வி.சி. வைத்தால் தொய்ந்துவிடும், சாதாரண பி.வி.சி. எங்கேயும் கூடாது.

இதே மென்மையான தண்ணீரால் கீசரில் உப்புப் படிவது குறைவு, துருதான் எதிரி. உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பி தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தி, தொட்டியை வடித்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பென்சில் கனத்துக்கு வந்திருந்தால் புதிது போடுங்கள். சுடும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்து அதை அடைத்துவிடாதீர்கள்: 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகையில் ஏறக்குறைய 400 மில்லி விரிகிறது, அது வெளியேற வழி வேண்டும். ஒரு சின்ன டியூப் மாட்டி வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள், முனை திறந்தே இருக்கட்டும்.