கைக்கேற்ற கரண்டி
பிடிவலு குறைந்தவருக்குக் கரண்டி வாங்கித் தர விரும்புவோர், முதலில் அந்தக் கையின் சிக்கல் எது என்பதைக் கவனிக்க வேண்டும் என்பேன். முடக்குவாதத்தால் விரல்களை முழுமையாக மடக்க இயலாதவருக்குத் தடித்த, எடை குறைந்த பிடி பெரிதும் உதவும். வீட்டில் இருக்கும் கரண்டியின் காம்பில் நுரைக்குழாயைச் செருகினாலே அது கிடைத்துவிடும். கைநடுக்கம் உள்ள சிலருக்கு எடை கூடிய கரண்டி பயன்படுகிறது. ஆனால் தசை தளர்ந்தவருக்கு அதே எடை சுமையாகிவிடும் (விளம்பரங்கள் இதைச் சொல்வது அரிது). மணிக்கட்டைத் திருப்ப முடியாதவருக்குக் கழுத்து வளைந்த கரண்டி ஏற்றது. தண்டுவடக் காயத்தால் விரல்களே இயங்காதவரும், உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டையில் கரண்டியைச் செருகித் தாமே உண்ண வழியுண்டு. தட்டு நகராதிருக்க வழுக்காத விரிப்பும் வேண்டும். அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரின் முன்னிலையில், உண்பவரே கையில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.