அம்மாட வார்பரினும் ஒரு பல்லுக்கொதியும்

எங்கட அம்மாக்கு 71 வயசு, இதயம் ஒழுங்கில்லாமத் துடிக்கிற வருத்தத்துக்கு மூண்டு வருசமா வார்பரின் போடுறவ, ரத்தம் கட்டிபடாமல் இருக்கிறதுக்கான குளிசை. கிளினிக்கில ஐ.என்.ஆர். (ரத்தம் கட்டிபட எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற அளவு, கூடினா ரத்தம் லேசில நிக்காது) 2க்கும் 3க்கும் இடையில நிக்கோணும் எண்டு சொல்லியிருந்தவை, அப்பிடித்தான் நிண்டதும்.

போன மார்கழி கடவாய்ப்பல் வீங்கி, நான் வேலைக்குப் போன நேரம் தனியா வெள்ளவத்தையில ஒரு பல் டொக்டரிட்டப் போயிருக்கிறா. "வேற ஏதும் வருத்தம் இருக்கோ" எண்டு அவர் கேக்க, "பிரஷர் மட்டும்தான்" எண்டிருக்கிறா. பல்லுக்குப் போன இடத்தில ஹார்ட்டைப் பற்றி ஏன் பிள்ளை கதைப்பான் எண்டு பிறகு என்னட்டக் கேட்டா, அவவில பிழை சொல்ல எனக்கு மனமில்லை, முதலே நான் சொல்லிக் குடுத்திருக்கோணும். கிருமிக்கு மெட்ரோனிடசோலும் நோவுக்கு ஐபுப்ரோஃபனும் எழுதினவர், பாமசியிலயும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.

அஞ்சாம் நாள் காலமை அம்மா பல்லு விளக்கின பேசினைப் பாத்தன், ஒரே சிவப்பு. முழங்கைக்குக் கீழ கத்தரிக்காய் நிறத்தில ஒரு கண்டல், "கதவில முட்டுப்பட்டிருப்பன்" எண்டா, மற்றக் கையைப் பிரட்டிப் பாத்தா அங்கயும் இருக்கு, எனக்கு நெஞ்சு திக்கெண்டிச்சு, உடன 1990 அம்புலன்சுக்கு அடிச்சன். ஆஸ்பத்திரியில ஐ.என்.ஆர். 7.2. வார்பரினை நிப்பாட்டி, அதுக்கு எதிரா வேலை செய்யிற விட்டமின் கே குடுத்து ரெண்டு நாள் வார்ட்டில வச்சிருந்தவை.

வார்ட் டொக்டர் பிள்ளை பொறுமையா விளங்கப்படுத்தினவ: வார்பரினை ஈரல்தான் உடைச்சு வெளியேத்துறது, மெட்ரோனிடசோல் அந்த வேலையைத் தடுத்துப் போடும், அதே டோஸ் போட்டாலும் உடம்பில கூடிக்கொண்டே போகும், ஐபுப்ரோஃபன் வேற வயித்தைப் புண்ணாக்கி ரத்தம் கசியப் பண்ணும். மலம் கறுப்பாப் போகுதோ எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவ, நல்லகாலம் அது இருக்கேல்லை.

வீட்ட வந்து அலுமாரி, ஹான்ட்பேக், சாமி அறை எல்லாத்திலயும் கிடந்த மருந்தை மேசையில கொட்டினன். தடிமன் குளிசை ரெண்டு வகை, பேர் வேற, ரெண்டுக்குள்ளயும் பரசிட்டமோல், அதோட தனியாப் பெனடோலும் போட்டிருக்கிறா, அதுவும் பரசிட்டமோல்தான்! பெரியாக்களுக்கு ஒரு நாளைக்கு பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல போகக் கூடாது, வார்பரினோட எண்டா நாள்க்கணக்கில தொடர்ந்து போட்டாலும் ஐ.என்.ஆர். ஏறும். பெட்டியில பெரிசா இருக்கிற பேரை விட்டிட்டு கீழ சின்ன எழுத்தில இருக்கிறதைத்தான் வாசிக்கோணும். கீரையிலயும் விட்டமின் கே இருக்கெண்டு அம்மா பயத்தில அதை நிப்பாட்டப் பாத்தவ, அதுவும் சரியில்லை, வழமையாச் சாப்பிடுற அளவையே சாப்பிடச் சொன்னவை.

எல்லாத்தையும் ஒரு மட்டையில மருந்தின்ர பேர், மில்லிகிராம், எப்ப எண்டு எழுதி, மேல "வார்பரின் போடுறன்" எண்டு சிவப்புப் பேனையால போட்டு கிளினிக் கொப்பிக்குள்ள வச்சிருக்கிறன், படம் என்ர ஃபோனிலயும் தங்கச்சியின்ர ஃபோனிலயும் இருக்கு. பல்லு இன்னும் பிடுங்கேல்லை, மட்டையைப் பாத்திட்டு பல் டொக்டர் முதல் ஐ.என்.ஆர். ரிப்போட் கொண்டரச் சொன்னவர், செவ்வாய்க்கிழமை ரத்தம் குடுக்கப் போறம்.