நரம்பு ஊசியிலிருந்து மாத்திரைக்கு: அப்பாவின் ஸ்டீராய்டு நாட்கள்

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய். சளி பிடித்தால் இளைப்பு ஏறி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. இந்த முறை அட்மிட் ஆனதும் ஆக்சிஜன், நெபுலைசர், நரம்பு ஊசியில் ஸ்டீராய்டு. மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர், "நல்லா சாப்பிடுறார், வாந்தியும் இல்ல. ப்ரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாத்திடலாம்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. இன்னும் கொஞ்ச நாள் ஊசியே தொடரட்டுமே என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரை வயிற்றுக்குள் போனால் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து, வீக்கத்தைத் தூண்டும் மரபணுக்களை அடக்கித்தான் வேலை செய்யும். எந்த வழியில் கொடுத்தாலும் அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஊசி போட்ட கையோடு அப்பாவுக்கு மூச்சு லேசானதாக நான் நம்பியிருந்தேன். அது நெபுலைசரின் வேலை.

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். 2007-இல் செஸ்ட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஒரே அளவு ப்ரெட்னிசோலோனை ஒரு பிரிவுக்கு நரம்பிலும் மறு பிரிவுக்கு வாயிலும் கொடுத்தார்கள். மாத்திரை சளைக்கவில்லை. 2010-இல் ஜாமா மருத்துவ இதழில் ஏறத்தாழ 80,000 நோயாளிகளின் பதிவுகளை அலசியபோதும், குறைந்த அளவு மாத்திரை எடுத்தவர்கள் அதிக அளவு ஊசி போட்டவர்களைவிட மோசமாகவில்லை. வாந்தி எடுப்பவர், நினைவு மங்கியவர், விழுங்க முடியாதவர் ஆகியோருக்கு ஊசிதான் சரி. மற்றவர்களுக்குக் கையில் குழாய் குத்திக்கொண்டு படுத்திருக்கத் தேவையே இல்லை என்பது என் திடமான கருத்து.

என்னை உண்மையில் அலைக்கழித்தது சர்க்கரை. அப்பாவுக்கு நீரிழிவும் உண்டு. காலையில் மாத்திரை போட்டால் மதியத்துக்குமேல் சர்க்கரை எகிறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தெரியாது. மாலையிலும் பார்த்துச் சொன்ன பிறகுதான் இன்சுலின் அளவைச் சரிசெய்தார்கள். ராத்திரி தூக்கம் கெடாமலிருக்க மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகே கொடுத்தேன்.

தினம் 40 மில்லிகிராம், 5 நாள், அத்தோடு நிறுத்தம். படிப்படியாகக் குறைக்க வேண்டாமா என்றதற்கு, குறுகிய கோர்ஸுக்குத் தேவையில்லை, மூன்று வாரத்துக்குமேல் எடுப்பவர்கள்தான் திடீரென நிறுத்தக் கூடாது என்றார். அடிக்கடி எடுத்தால் எலும்பு மெலியும், கண்புரை வரும். அதனால் ஒவ்வொரு கோர்ஸையும் தேதியோடு குறித்து, அடுத்த செக்கப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.