கனவில் குடித்ததையும் கணக்கில் சேர்ப்பதா?

"மிஸ், நான் குடிச்சிட்டன்."

கதிரையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். படுவான்கரைப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், வயல்வேலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். (ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன்.) வாடியில் கூட்டாளிகளோடு இருந்து முழுப் போத்தல் சாராயம் குடித்ததாகச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கலண்டர் தாளை எடுத்து விரித்தார். குடிக்காத 41 நாளுக்கு 41 புள்ளடி. எல்லாவற்றுக்கும் மேலாகக் குறுக்கே ஒரு கோடு. பேனா அழுத்தியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தேயிருந்தது.

மட்டக்களப்பில் உளவளத்துணை வேலைக்கு நான் வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் படிவத்தில் என்ன குடித்தார், எவ்வளவு, யாரோடு என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. நிரப்பினேன். 'மீண்டும் குடித்துள்ளார்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். கூட்டாளிகளைத் தவிர்ப்பது பற்றி அரை மணி நேரம் பேசினேன். "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை மனைவி மட்டும் வந்தார்.

"அவர் ராவு முழுக்க என்ட பக்கத்திலதான் மிஸ் கிடந்தவர். விடியச் சாமம் துடிச்சுப் பதைச்சு எழும்பி, என்ட முகத்துக்கு நேர ஊதி, மணக்குதா பாரு எண்டு கேட்டார். ஒண்டும் மணக்கல்ல எண்டன். நம்பல்ல. மறுகா கிணத்தடிக்குப் போய்த் தலையில தண்ணி அள்ளி ஊத்தினார்."

முழுப் போத்தலும் கனவில்! விழித்திருந்தீர்களா என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவரை மறுபடி கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "விடியக் கனவு பலிக்கும்தானே மிஸ். எப்பிடியும் நடக்கத்தான் போகுது. முன்னுக்கே சொன்னா மரியாதையா இருக்கும் எண்டு நினைச்சன்" என்றார். இன்றைக்கும் அந்த 'மரியாதை' என்ற சொல் எனக்குள் குத்துகிறது.

பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காக வாசித்தேன். கண் மூடியிருக்க, இமைக்குள் கருவிழி வேகமாக உருளும் ஒரு நித்திரை நிலை உண்டு. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் அதைப் பதிவுசெய்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் வரும். நாள்தோறும் குடிப்பவரின் மூளையில் சாராயம் இந்த நிலையை அமுக்கி வைத்திருக்கும். குடியை விட்டதும், அமுக்கியிருந்தது பீறிக்கொண்டு மேலே வரும். அதனால்தான் ஆரம்ப நாட்களில் கனவுகள் அவ்வளவு பச்சையாக இருக்கின்றன. நாக்கில் ருசி, தொண்டையில் எரிவு, அப்புறம் குற்றவுணர்வு, எல்லாமே வரும். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நித்திரை போகும். கனவுப் பங்கு நீளமாவது கடைசிச் சுற்றுகளில், அதாவது விடியப்புறத்தில்.

சிக்கலும் அங்கேதான். உடம்பு தன் கணக்கைத் தீர்க்கிற நேரமும் நம் சனம் பலிக்கும் என்று நம்புகிற நேரமும் ஒன்று. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நம்பிக்கையோடு வாதாடப் போனால் தோற்பேன். ஆகவே, விடியக் கனவு ஏன் விடியலில் வருகிறது என்பதை மட்டும், தாளில் அலை அலையாகக் கீறிக் காட்டினேன். கடைசி அலையில் விரலை வைத்து, "அப்ப இது குடி போற வழியா மிஸ்?" என்று கேட்டார். என்னிடம் இருந்ததைவிட நல்ல விளக்கம் அது.

ஆசை அறவே இல்லாமல் இப்படிக் கனவு வருகிறது என்று நான் சொல்லவில்லை. சண்டை, சம்பள நாள், செத்த வீடு என்று ஏதாவது நடந்த இரவுகளில் கூடுதலாக வருவதைக் கவனித்திருக்கிறேன். ஆனால் கனவு வந்ததாலேயே ஆள் விழுந்துவிட்டார் என்று எழுதுவது தவறு. மாதங்கள் போகப் போகப் பெரும்பாலானவர்களுக்கு அது குறைந்துவிடுகிறது. இப்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: எழும்பியதும் என்ன நினைத்தீர்கள்? "ஐயோ, குடிச்சிட்டனே" என்றால் ஒரு விதமாகப் பேசுவேன். "சே, கனவுதானா" என்று ஏமாந்து போனவரோடு கூடுதல் நேரம் இருப்பேன்.

குடியை விட்டவர்கள் சேர்ந்திருந்து பேசும் கூட்டத்தில் இன்னொருவர் சொன்னது: கனவில் வெயிலில் நடந்து நடந்து தவறணைக்குப் போனாராம், அங்கே பூட்டு. அன்றைக்குப் போயா, சாராயக் கடைகளைப் பூட்டிவைக்கும் பௌர்ணமி நாள்! கனவிலும் அரசாங்கம் விடுகுதில்லை என்று அவர் சொன்னபோது, முதல் தடவையாக எங்கள் வயல்காரரும் வாய்விட்டுச் சிரித்தார்.

கோடு கீறிய அந்தக் கலண்டர் தாள் என்ன ஆனதென்று பிறகு ஒருநாள் மனைவியிடம் கேட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவேயில்லை. அடுப்படிக் கதவின் உட்புறத்தில் அவரும் கரித்துண்டால் ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறார். தனியாக என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு அதில் 48 கோடு. "நான் ஒண்டையும் அழிக்கல்ல மிஸ்."

கோப்பில் நான் எழுதியதை வெட்டி, பக்கத்தில் 'கனவு' என்று எழுதினேன்.

நாலு மாதம் கழித்து வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"நேத்தும் வந்திச்சு மிஸ். இந்த முறை கால் போத்தல்தான்."